ரூட்டுப் பாட்டின் முகவரி

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து மேற்கே கிளம்பும் மின்ரயில் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி என்று நின்று நின்று போகிறது. சில வண்டிகள் திருவள்ளூரோடு முடியும். சில அரக்கோணம், திருத்தணி வரைக்கும் ஓடும். இதற்குத் தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை. அது பூந்தமல்லியில் தொடங்கி வேலப்பன்சாவடி, மதுரவாயல், கோயம்பேடு, அரும்பாக்கம், அமைந்தகரை வழியாகப் பச்சையப்பன் கல்லூரி வாசலைத் தொட்டுக்கொண்டு நகரத்துக்குள் நுழைகிறது. கல்லூரி நாட்களில் இந்த இரண்டு தடத்திலும் பாட்டுக் கேட்கும் என்பது சென்னைவாசிகள் அறிந்ததுதான். பெட்டியின் தகரச் சுவரில் உள்ளங்கையை விரித்து அடித்தால் கனத்த ஓசை வரும். விரல் முட்டியால் ஜன்னல் ஷட்டரைத் தட்டினால் எடுப்பான ஓசை வரும். இந்த இரண்டை வைத்துக்கொண்டே தாளம் கட்டிவிடுவார்கள். ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டில் கல்லூரியின் பெயர் இருக்கும், பேருந்தின் எண்ணோ ரயில் தடத்தின் பெயரோ இருக்கும், அந்தத் தடத்து மாணவர்களின் தலைவனான 'ரூட்டு தல' யார் என்பது இருக்கும், அடுத்த ரூட்டுக்காரனுக்கோ எதிர்க் கல்லூரிக்கோ ஒரு குத்தல் இருக்கும். இதைத்தான் ரூட்டு கானா என்கிறார்கள்.

இதே கட்டமைப்போடு, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாட்டு வகை வளர்ந்து, பத்தாண்டுக்குள் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. தெற்கு லண்டனின் டிரில் ராப் அது. அங்கேயும் பல குழுக்களின் பெயர் எண்தான். பிரிக்ஸ்டன் பக்கத்தில் 67 என்று ஒரு குழு, 150 என்று ஒன்று, 410 என்று ஒன்று. அங்கேயும் பாட்டின் சரக்கு இதுதான்: எங்கள் குடியிருப்பு எது, எங்களில் யார் இறந்துபோனான், எதிர்ப்பகுதிக்காரன் எப்படி ஓடினான். அஞ்சல் குறியீட்டைச் சொல்லிப் பெருமைப்படும் லண்டன் பையனும் பேருந்து எண்ணைச் சொல்லிப் பெருமைப்படும் அம்பத்தூர்ப் பையனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இருவரும் தங்கள் முகவரியைப் பாடுகிறார்கள். என் வாதம் இந்த முகவரியைப் பற்றியது. ஒரு வட்டாரப் பாட்டு பெருவெளிக்கு வரும்போது சந்தை அதன் ஓசையை எடுத்துக்கொண்டு முகவரியைக் கழற்றிவிடுகிறது. காவல்துறை முகவரியை எடுத்துக்கொண்டு ஓசையைக் காதில் போட்டுக்கொள்வதேயில்லை. டிரில்லுக்கும் கானாவுக்கும் நேர்ந்தது இந்த இரட்டை உரிப்புதான். பாட்டு வளர்ந்துவிட்டது என்று ஒருசாராரும் பாட்டால் நாடு கெட்டது என்று இன்னொரு சாராரும் சொல்லும்போது, இரண்டு பேருமே பாதிப் பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

டிரில் லண்டனில் பிறந்ததல்ல. சிகாகோவின் தென்பகுதியில் 2010-ஐ ஒட்டி உருவானது. 2012-இல் சீஃப் கீஃப் என்ற பதின்வயதுப் பாடகரால் அமெரிக்கா முழுக்கத் தெரிந்தது. அந்தச் சிகாகோ டிரில் மெதுவானது, கனத்தது. பிரிக்ஸ்டன் பையன்கள் அதன் பேச்சையும் மிரட்டலையும் வாங்கிக்கொண்டார்கள். தாளத்தைத் தங்கள் ஊர்த் தாளமாக்கினார்கள். லண்டனில் அதற்கு முன்பே கிரைம் என்ற இசை இருந்தது, நிமிடத்துக்குச் சுமார் 140 தட்டு என்ற ஓட்டத்தில். டிரில் அந்த வேகத்தை எடுத்து, அதற்குள் பாதி வேகத்தில் நடப்பதுபோன்ற ஒரு மயக்கத்தை உண்டாக்கியது. மேலே ஹை-ஹாட் என்ற தாளத்தட்டின் சிணுங்கல் மூன்று மூன்று இரண்டாகப் பிரிந்து விழும். நம் சொல்கட்டில் சொன்னால் 'தகிட தகிட தக'. ஸ்நேர் அடி, காது எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. ஒரு சுற்றில் மூன்றாம் தட்டிலும் அடுத்த சுற்றில் நான்காம் தட்டிலுமாகத் தள்ளி விழும். அடியில் 808 என்ற பழைய ரோலண்ட் தாளக்கருவியின் கனத்த ஒலி. அது ஒரு சுரத்தில் நிற்காமல் இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். வீணையில் கம்பியை இழுத்து வாங்கும் கமகத்தை அடிவயிற்றில் கேட்டால் எப்படியிருக்குமோ அப்படி. கார்ன்ஸ் ஹில், எம்1 ஆன்-த-பீட் போன்ற தயாரிப்பாளர்கள் இந்த வழுக்கலைத் தேர்ந்த கைவேலையாக்கினார்கள். பிறகு நியூயார்க்கின் புரூக்ளின் பாடகர் பாப் ஸ்மோக், லண்டன்காரரான 808மெலோ செய்த தாளங்களின் மேல் பாடிப் புகழ்பெற்றார். அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டு, லண்டன் ஓசையாகி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. சினத்தைக் கொட்டும் சத்தம் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய ஒன்றுக்கு இந்தப் பயணம் வாய்க்காது. இது செய்தொழில் தெரிந்தவர்களின் வேலை.

கானாவின் ஓசைக்கும் இப்படி ஒரு கைத்திறன் உண்டு. அதைச் சொல்வார் குறைவு. தாளக் கட்டு எதுவும் இல்லாமல் இழுத்துப் பாடும் தொகையறாவில் தொடங்கி, சட்டென்று டோலக்கும் கட்ட மோளமும் விழுந்து பாட்டைத் தூக்குவது அதன் முறை. மேடையில் அந்தக் கருவிகள் இருக்கும். ரயில் பெட்டியில் தகரச் சுவர் இருக்கும். சென்னையின் வடபகுதியில், வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கங்களில், சாவு வீட்டில் இரவு முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் மரண கானா இதன் பழைய வடிவங்களில் ஒன்று. தண்டையார்ப்பேட்டையோடு தொடர்புடைய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைத் தங்கள் வேராகச் சொல்லும் கானா பாடகர்கள் உண்டு. சித்தர் பாடல்களின் நிலையாமைப் பேச்சையும் இதில் கேட்கலாம். மரண கானாவின் உயிர், இறந்தவரின் பெயரையும் தெருவையும் உறவுகளையும் தொழிலையும் பாட்டுக்குள் வைத்துச் சொல்வது. நகரம் பெயர் கேட்காத மனிதரின் பெயரை விடியும்வரை சொல்வது. ரூட்டு கானா இந்த வழக்கத்தை உயிரோடிருக்கும் இளைஞர்களுக்கு மாற்றிக்கொண்டது. பெயர், ஊர், தடம், சிநேகிதன் ஆகியவற்றை உரக்கச் சொல்வதுதான் அதிலும் நடக்கிறது. டிரில்லிலும் இறந்தவனின் பெயர் மையத்தில் இருக்கிறது. வேறுபாடு பெரிது, அதை மறைக்கக்கூடாது: மரண கானாவில் இறந்தவனைச் சொல்வது மரியாதை, டிரில்லில் எதிர்க்குழுவில் இறந்தவனைச் சொல்வது அவமதிப்பு. அந்த அவமதிப்புதான் டிரில்லைப் பலமுறை இரத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஏன் ரூட்டு? லண்டன் பையனுக்கு எல்லை என்பது அரசுக் குடியிருப்பின் கட்டடத் தொகுதி. அது அசையாது. சென்னையின் மேற்கில் எல்லை நகர்கிறது, சக்கரத்தின் மேல். இதற்கு இந்தப் பகுதியின் வரலாற்றில் காரணம் இருக்கிறது. அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளால் பெருத்த ஊர்கள். அம்பத்தூரில் டிஐ சைக்கிள் ஆலையும் டன்லப் டயர் ஆலையும், 1960களில் தொழிற்பேட்டையும் வந்தன. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. ஒரு தலைமுறை ஷிஃப்ட் சங்குக்கு இந்தப் பக்கம் வந்து இறங்கியது. அதன் பிள்ளைகளும், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களின் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும், அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் பச்சையப்பனுக்கும் மாநிலக் கல்லூரிக்கும் நந்தனம் கலைக் கல்லூரிக்கும் போனார்கள். அவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். போக வர நாளொன்றுக்குப் பல மணி நேரம். நகரத்தில் அவர்களுக்கு விடுதி இல்லை, உட்கார ஓர் இடம் இல்லை. கல்லூரி வாழ்க்கையின் சொந்தமான பகுதி வண்டிக்குள்தான் கழிகிறது. அந்த வண்டி ஆவடி காவல் ஆணையரகம், சென்னைப் பெருநகரக் காவல், ரயில்வே போலீசு என்று மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது. பாடுகிறவனுக்கு எல்லை ஒன்றே ஒன்றுதான், அது அவன் ரூட்டு. அதனால்தான் பகை கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே மட்டும் இல்லை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள் பட்டாக்கத்தியோடு ஏறி வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள், பிரித்தது ரூட்டு.

இனிச் சந்தையின் பக்கம். 2019 தொடக்கத்தில் ரஸ் என்ற பாடகரின் 'கன் லீன்' பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களுக்குள் வந்தது. 2020-இல் டாட்டன்ஹாம் பாடகர் ஹெடி ஒன்னின் 'எட்னா' இசைத்தொகுப்பு முதலிடம். 2021 மே மாதம் டியான் வெய்னும் அதே ரஸ்ஸும் (ரஸ் மில்லியன்ஸ்) பாடிய 'பாடி', முதலிடம் பிடித்த முதல் டிரில் பாட்டு. 2023-இல் சென்ட்ரல் சீயும் டேவும் சேர்ந்து பாடிய 'ஸ்பிரின்டர்' பத்து வாரம் முதலிடத்தில் நின்றது. இந்த ஏணியில் மேலே ஏற ஏறப் பாட்டிலிருந்து எது குறைந்தது என்று பார்க்க வேண்டும். வழுக்கும் அடியொலியும் பிரிந்து விழும் சிணுங்கலும் இருந்தன. எந்தத் தெரு, எந்தக் குழு, யாருடைய சாவு என்பவை மங்கின. அந்த இடத்தில் கார், உடுப்பு, காதல், சுற்றுலா வந்தன. 'பாடி' உலகம் முழுக்கக் கைப்பேசியில் நடனக் குறும்படங்களாகச் சுற்றியது. ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு பிரிக்ஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. கத்தியைப் பற்றிய வரி போனது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கத்தி மட்டும் போகவில்லை. அந்தப் பையன்கள் எந்தக் குடியிருப்பில், எந்த மூடப்பட்ட இளைஞர் மன்றத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தார்கள் என்ற செய்தியும் கூடவே போனது.

தமிழில் இந்தக் கழற்றல் ஒருமுறை நடந்து முடிந்ததல்ல. சந்திரபாபு காலத்தில் மெட்ராஸ் பாஷை நகைச்சுவையாக வந்தது. 1990களில் தேவா கானாவின் தாளத்தைப் படத்துக்குப் படம் வைத்தார். 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடியபோது முதன்முறையாக ஒரு கானா பாடகரின் முகமும் பெயரும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தன. 2020-இல் வெளிவந்த 'வாத்தி கம்மிங்' பாட்டில் அனிருத்தோடு கானா பாலச்சந்தர் குரல் இருந்தது. 2023-இல் 'லியோ' படத்தின் 'நா ரெடி' பாட்டில் விஜய்யோடும் அனிருத்தோடும் அசல் கோளாறு ராப் பாடினார். ஒவ்வொரு முறையும் குத்து நன்றாகவே கேட்டது. ஆனால் பாட்டு நாயகனின் பாட்டாகிவிட்டது. அவன் வருகிறான், அவன் ஆடுகிறான், அவனுக்குப் பயப்படு. ரூட்டு கானாவிலும் 'தல' உண்டு. அந்தத் தல கொரட்டூரில் ஏறும் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன். படத்துத் தலைக்கு ஏறும் நிறுத்தம் கிடையாது. இதற்கு விலக்காக எனக்குத் தெரிவது, இதே மேற்குப் புறநகரிலிருந்து வந்த ஒரு படம். ஆவடிக்குப் பக்கத்துக் கரலப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித் 2012-இல் எடுத்த 'அட்டகத்தி'யின் நாயகன், நடுவில் கொஞ்ச காலம் ரூட்டு தலயாகவே இருக்கிறான். சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடிய பாட்டுகள் அங்கே ஓர் ஊருக்குள், ஒரு பேருந்து நிறுத்தத்துக்குள் நிற்கின்றன. அந்தப் படம் ஓடியது. அதற்குப் பிறகு எடுத்த 'மெட்ராஸ்' படத்தில் கானா பாலாவின் குரல் சாவு வீட்டுக்கே போனது. முகவரியோடும் பாட்டு பெருவெளிக்கு வரமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆக, கழற்றிவிடுவது இசையின் கட்டாயம் இல்லை, விற்பவரின் வசதி.

காவல்துறையின் பக்கம் இதற்கு நேர்மாறு. 2018-இல் லண்டன் மாநகரக் காவல் கேட்டுக்கொண்டதன் பேரில் யூடியூப் முப்பதுக்கும் மேற்பட்ட டிரில் காணொளிகளை நீக்கியது. அதே ஆண்டில் டிகா டி என்ற பதின்வயதுப் பாடகருக்கு, பாட்டை இணையத்தில் ஏற்றிய 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்ற ஆணை வந்தது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏ.எம். என்ற இருவருக்கு, தடையாணையை மீறி மேடையில் ஒரு பாட்டைப் பாடியதற்காக ஒன்பது மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. 2012-இல் லண்டன் போலீசு தொடங்கிய குழுக் குற்றப் பட்டியல் ஒன்றைப் பற்றி 2018-இல் ஆம்னெஸ்டி அமைப்பு அறிக்கை வெளியிட்டது. பட்டியலில் இருந்தவர்களில் 78 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். சமூக ஊடக நடவடிக்கையும் பாட்டுக் காணொளியில் தோன்றுவதுமே ஒருவர் பெயரை அதில் ஏற்றப் போதுமானதாக இருந்தது என்று அது கண்டித்தது. 2024-இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டார்கள். சென்னையிலும் ரூட்டு தலைகளின் பட்டியல் எடுப்பது, பெற்றோரை வரவழைத்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது, கல்லூரி திறக்கும் நாளில் நிலையங்களில் பையைச் சோதிப்பது எல்லாம் வழக்கமாகிவிட்டன. லண்டன் பையன்கள் முகமூடி போட்டுப் பாடினார்கள். நம் பையன்கள் மூடாத முகத்தோடு, கல்லூரிப் பெயரும் வண்டி எண்ணும் சொல்லிப் பாடி இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அடையாளம் காண எந்தத் துப்பறிவும் வேண்டியிருக்கவில்லை. பாட்டே முகவரிச் சீட்டு.

இந்த இடத்தில் எழும் எதிர்ப்பு வலுவானது. உயிர் போகிறதே என்கிறார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் பக்கத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். அவர் திருத்தணி பக்கத்திலிருந்து, இதே மேற்குத் தடத்தில், படிக்க வந்தவர். கைதானவர்கள் பச்சையப்பன் மாணவர்கள். அதற்கு முன்பும் மாணவர்கள் ஓடும் ரயிலிலிருந்தும் பேருந்திலிருந்தும் பட்டாக்கத்தியை நடைமேடையிலும் சாலையிலும் உரசிக்கொண்டு போன காட்சிகளை நாடே பார்த்தது. இறந்த மாணவரின் குடும்பத்தின் இழப்புக்கு முன்னால் தாள நயம் பேசுவது கூச்சம் தருகிறது. ஆனாலும் கேள்வியைத் தெளிவாகக் கேட்டாக வேண்டும்: பாட்டு கத்தியை எடுக்க வைக்கிறதா? லண்டனில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பென்னட் கிளைன்பர்க்கும் பால் மக்ஃபார்லேனும் 2020-இல், டிரில் வரிகளின் கடுமையையும் நகரில் பதிவான வன்முறைக் குற்றங்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. 2021-இல் பாலிசி எக்ஸ்சேஞ்ச் என்ற சிந்தனை மையம், கும்பல் கொலைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் டிரில்லோடு தொடர்புடையவை என்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் அந்த அறிக்கையின் முறையைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். கொல்லப்பட்டவனோ கொன்றவனோ எப்போதோ பாடியிருந்தால் அது பாட்டால் நடந்த கொலையாகிவிடாது. அந்தக் கணக்கில், அரும்பாக்கம் வெட்டுக்குப் பேருந்தையும் குற்றவாளியாக்கலாம்.

ஆனால் பாட்டுக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வதும் நேர்மையல்ல. சிகாகோ டிரில் இளைஞர்களோடு நெடுநாள் பழகி ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் 2020-இல் வெளியிட்ட நூல் இதில் எனக்குப் பெரிதும் உதவியது. அவர் கண்டது இது: அந்தப் பையன்களில் பலர் பாட்டில் சொல்லும் அளவுக்குக் கொடியவர்கள் இல்லை. பார்வை எண்ணிக்கை கூடக்கூட வன்மத்தைக் கூட்டிப் பாடுகிறார்கள், ஏனென்றால் தொலைவில் இருக்கும் ரசிகனுக்கு அதுதான் பிடிக்கிறது. பாட்டில் கட்டிய அந்த முகத்தைப் பிறகு தெருவில் காப்பாற்றியாக வேண்டிய நெருக்கடி வருகிறது. சிலருக்கு அது உயிரை வாங்குகிறது. ஆக, ஆபத்து பாட்டிலேயே பிறப்பதில்லை. பாட்டு ஊரைவிட்டு வெளியே போய், முகவரி தெரியாத கூட்டத்துக்கு முன்னால் நிற்கும்போது கூடுகிறது. இந்த விளக்கம் நம் ரூட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். எதிர்க் கல்லூரியைக் குத்திய வரி, பெட்டிக்குள் பாடப்பட்டபோது அம்பத்தூர் தாண்டுவதற்குள் காற்றோடு போனது. அதே வரி கைப்பேசியில் பதிவாகி எதிராளியின் திரைக்கு வந்து, கீழே ஆயிரம் பேர் தூண்டிவிட்டபோது கணக்குத் தீர்க்க வேண்டிய கடனாகிறது. இதில் நீக்க வேண்டியது எது என்று யோசித்தால், தூண்டும் கூட்டத்துக்கும் அதைக் காசாக்கும் செயலிக்கும் பதில் பாடும் பையனைப் பிடிப்பது எளிது என்பதால்தான் பிடிக்கிறோம் என்று தெரியும்.

டிரில்லையும் கானாவையும் ஒரு தராசில் வைப்பதே பிழை என்றும் ஒருவர் சொல்லலாம். டிரில் கணினியில் செய்து விற்கும் சரக்கு, போதைப்பொருள் வணிகத்தின் நிழலில் வளர்ந்தது. கானா கையாலும் வாயாலும் உண்டாவது, சாவு வீட்டிலும் திருமண வீட்டிலும் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. அங்கே நிறம், இங்கே சாதி. இந்த வேறுபாடுகளை நான் சிறிதாக்கவில்லை. உண்மையில் கடைசி வேறுபாடுதான் என் வாதத்தைக் கூர்மையாக்குகிறது. லண்டனில் கறுப்பின இளைஞனின் பாட்டு என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது. வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் பாட்டு வரியைக் குற்றச் சான்றாக்கக் கூடாது என்று இயக்கம் நடத்துகிறார்கள். இங்கே கானாவைப் பற்றிப் பேசும்போது 'லோக்கல்', 'புள்ளிங்கோ' என்ற சொற்கள் சாதியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. புள்ளிங்கோ என்று சிரிக்கும் மீம்ஸ்களில் வரும் முடிவெட்டும் சட்டையும் எந்தத் தெருவினுடையவை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில், பச்சையப்பனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலில் மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாகக் கலந்த அந்தக் குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்றவர் என்ற கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. லண்டன் டிரில் செய்யாத ஒன்றை அது செய்தது: முகவரியைப் பகைக்காகச் சொல்லாமல், அந்த முகவரி ஏன் ஒதுக்கப்பட்டது என்று கேட்பதற்காகச் சொன்னது.

கானாவில் பெண்களைப் பற்றி வரும் வரிகள் பல சகிக்கத்தக்கவை அல்ல. இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. சிறுமியைப் பற்றி ஆபாசமாகப் பாடிய ஒரு பாடகர்மீது திருவள்ளூர் மாவட்டக் காவல்துறை நடவடிக்கை எடுத்தபோது, அதைக் கருத்துரிமைக்கு வந்த கேடாகக் காட்ட முடியாது. அது சரியான நடவடிக்கை. ரூட்டு கானா ஆண்களின் பாட்டு. அது ஓங்கி ஒலிக்கும் பெட்டியில் ஏறத் தயங்கி அடுத்த பெட்டிக்கு ஓடும் மாணவிகளும் அதே தடத்தின் முதல் பட்டதாரிகள்தான். இதற்கான பதில் கானாவுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடகி இசைவாணி, ஆண்களே நிறைந்த இந்தக் கலையில் நின்று பாடி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஒரு கலையின் குறையை அதன் உள்ளேயே திருத்தும் குரலுக்கு மேடை கொடுப்பது ஒரு வழி. குறையைக் காட்டிக் கலை மொத்தத்தையும் குப்பையில் போடுவது இன்னொரு வழி. சினிமாப் பாட்டில் பெண்ணை இதைவிடக் கேவலமாகப் பாடியபோது நாம் சினிமாவை மூடவில்லை.

பெருவெளிக்கு வந்ததால் பாடகருக்கு நன்மைதானே, முகவரி போனால் என்ன, பணம் வந்ததே என்பது கடைசி எதிர்ப்பு. சிலருக்கு வந்தது, கானா பாலாவும் அசல் கோளாறும் பெயரோடு நிற்கிறார்கள், அது பெரிய வெற்றி. ஆனால் முகவரி போகும் பாதையில் பெயரும் நழுவுவதை இதே ரயில் தடத்தின் கடைக்கோடியில் பிறந்த ஒருவரின் கதை காட்டுகிறது. அரக்கோணத்தைச் சேர்ந்த தெருக்குரல் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. நிலமற்ற உழைப்பாளிகளின், அறிவின் சொந்தப் பாட்டியின் வாழ்விலிருந்து எழுந்த பாட்டு அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு தீயையும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் போட்டது, அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பிறகே அவரை வைத்து இணையத்தில் மட்டும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாட்டு கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டிருந்தும் அதிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். பெயர்பெற்ற கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் இந்த நிலை என்றால், அன்னனூரில் ஏறி அடியெடுத்துக் கொடுப்பவன் எங்கே நிற்பான்?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியைக் கைவிட்டுப் போகாத உரிமையாக்கியது. நல்ல திருத்தம். ஆனால் உரிமை கோர, இன்னார் எழுதியது என்று பதிவு இருக்க வேண்டும். ரூட்டு கானா ஆண்டுதோறும் மூன்றாம் ஆண்டு மாணவனிடமிருந்து முதலாண்டு மாணவனுக்குக் கைமாறுவது. ஒரு வரியைப் போன வருடத்து ரூட்டு தல சேர்த்திருப்பான், ஒரு மெட்டு அதற்கும் பத்து வருடத்துக்கு முந்தையது. அதன் தாளமும் சொல்லும் ஒரு படத்துக்குள் போய் வெற்றிபெறும்போது, பாடல் பட்டியலில் அந்தப் பெட்டியைச் சேர்ந்த ஒருவன் பெயரும் இருப்பதில்லை. அதே பாட்டு ஒரு காணொளியில் சிக்கி வழக்கானால், முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயர் இருக்கும். தந்தை பெயர், வயது, கதவு எண், தெரு, அம்பத்தூரா ஆவடியா பூந்தமல்லியா என்பது வரை இருக்கும்.